பூச்சி இல்லாத தண்ணீர்

“கண்ணுக்குத் தெரியிற புல்லையே ஒனக்கு ஒழுங்காப் புடுங்கத் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத பூச்சியப் பத்தி எனக்குப் பாடம் எடுக்க வந்துட்டியா?” என்று மாமா கேட்டார். எங்கள் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்து தேத்தண்ணீரை ஊதிக் குடித்துக்கொண்டே கேட்டார். கோபப்பட்டிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். அவர் சிரித்தார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அப்போது நான் பாரம் இரண்டு, அதாவது எட்டாம் வகுப்பு, படித்துக்கொண்டிருந்தேன். எண்பதுகளின் தொடக்கம். ராசா, உலு யாம் என்ற இரண்டு டவுன்களுக்கு இடையில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீட்டில் குடியிருந்தோம். அப்பா பால்மரம் வெட்டினார், பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் வேலை. அம்மா புல்லுக்கு மருந்தடிக்கும் கும்பலில் வேலை செய்தார். மாமா அம்மாவின் அண்ணன். அந்தக் கும்பலை வேலை வாங்கும் மண்டோர் அவர்தான். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியோடு நின்றுவிடாமல் டவுன் பள்ளிக்கூடத்துக்குப் பஸ் ஏறியவர் எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் இல்லை. நான்தான் முதலில் ஏறினேன். இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன். அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

மாமா கெட்டவர் இல்லை. தாய் தகப்பன் இல்லாத அம்மாவைத் தூக்கி வளர்த்தவர் அவர். வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். மழை நாளில் என்னைச் சைக்கிளில் ஏற்றிப் பஸ் நிற்கும் இடம்வரை கொண்டு விடுவார். ஆனால் அவருக்கு மருந்தின்மேல் ஒரு பக்தி இருந்தது. மாரியம்மனுக்கு அடுத்தபடி அவர் கும்பிட்டது அந்தப் புல்லு மருந்தைத்தான். எறும்பு வந்தால் மருந்து, வாசலில் கோரை முளைத்தால் மருந்து. “ஒரு மூடி போதும், ஊரே சுத்தம்” என்பார்.

தோட்டத்தின் ஓரமாக ஓர் ஆறு ஓடியது. ஆறு என்று நாங்கள் சொன்னோமே தவிர, பெரியவர்கள் இரண்டு எட்டில் தாண்டிவிடுவார்கள். மேலே காட்டை ஒட்டி, மூங்கில் நிழலில் ஒரு மடு. அங்கிருந்து இறங்கி ஒரு வளைவு. அதில் ஒரு பெரிய தட்டைக் கல். அதற்கும் கீழே நாங்கள் குளிக்கும் துறை. எனக்கு நினைவு தெரிந்த நாளில் அந்தத் துறையில் காலை வைக்க முடியாது. கல்லெல்லாம் பாசி, வழுக்கிவிடும். தண்ணீரில் அட்டை. துணி துவைத்து முடிப்பதற்குள் கணுக்காலில் ரத்தம் ஒழுகும். பெண்கள் ஆற்றைத் திட்டிக்கொண்டேதான் குளித்தார்கள்.

பிறகு மருந்து வைக்கும் ஸ்டோரை ஆற்று வளைவுக்கு மேலே கட்டினார்கள். வேலை முடிந்து வரும் பெண்கள் முதுகிலிருந்து மருந்தடிக்கும் பம்பை இறக்கி, அந்தத் தட்டைக் கல்லில் வைத்து, மிச்சத்தை ஊற்றிக் கழுவினார்கள். கொஞ்ச காலத்தில் கீழே துறையில் ஓர் அதிசயம் நடந்தது. பாசி போனது. அட்டை போனது. கல் கழுவிவிட்ட சமையலறைத் தரைபோல ஆனது. தண்ணீர் அடிமணல் தெரியும்படி ஓடியது. அதுவரை வீட்டுத் தொட்டியில் பிள்ளைகளைக் குளிப்பாட்டியவர்கள்கூட ஆற்றுக்கு அழைத்து வந்தார்கள்.

“நா மருந்து ஊத்தலன்னா ஒங்க காலு பூரா அட்டதான்” என்று மாமா மீசையைத் தடவிக்கொள்வார். அதோடு நிற்கவில்லை. எங்கள் கோயில் திருவிழாவில் கரகம் ஜோடிப்பது ஆற்றங்கரையில்தான். தோட்டமே அன்று விடியலில் துறையில் குளிக்கும். அந்தக் கூட்டத்தில் யாரையும் அட்டை கடிக்கக் கூடாது என்று, திருவிழாவுக்கு முதல் நாள் எல்லாப் பம்பையும் ஒன்றாகக் கொண்டுவந்து அந்தக் கல்லில் கழுவும் வழக்கத்தை மாமா ஏற்படுத்தியிருந்தார். அட்டை கடிக்காத திருவிழா என்று கோயில் கமிட்டியில் அவருக்கு மாலைகூடப் போட்டார்கள்.

எனக்கும் அந்த ஆற்றைப் பற்றிப் பெருமைதான். அந்தப் பெருமையில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்தில் அறிவியல் கழகத்துக்கு ஒரு மலாய் ஆசிரியை பொறுப்பாக இருந்தார். மலாயில் டீச்சரை அழைப்பதுபோல் ‘சிக்கு’ என்று அழைப்போம். அவர் ஒருமுறை, வீட்டுப் பக்கத்தில் கிடைக்கும் தண்ணீரைக் கொண்டு வாருங்கள், மைக்ரோஸ்கோப்பில் பார்க்கலாம் என்றார். உலு யாமிலிருந்து வந்த சீனப் பெண் வாத்துக் குட்டைத் தண்ணீரைக் கொண்டு வந்தாள். ராசா மளிகைக்கடைக்காரர் மகன் கடைக்குப் பின்னால் ஓடிய சாக்கடையை அள்ளி வந்தான். நான் துறைத் தண்ணீரைச் சிரப் போத்தலில் நிரப்பிக்கொண்டு போனேன். வெளிச்சத்தில் பிடித்தால் போத்தல் காலியாக இருப்பதுபோல் தெரியும். அத்தனை சுத்தம்.

குட்டைத் தண்ணீரில் ஏதேதோ ஓடியது. சாக்கடையில் அதைவிட அதிகம். எல்லோரும் வரிசையில் நின்று பார்த்துக் கூச்சல் போட்டார்கள். என் முறை வந்தது. என் சொட்டில் வெளிச்சம் மட்டும் இருந்தது.

“ஒங்க எஸ்டேட்டுத் தண்ணிக்குப் பூச்சிகூட வாடகைக்கு வராது போல லா!” என்றான் மளிகைக்கடைக்காரர் மகன்.

சிக்கு அவனைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு என்னிடம் சொன்னார்: ஓடும் தண்ணீரில் அப்படித்தான், சின்ன உயிர்களை நீர் அடித்துக்கொண்டு போய்விடும், அவை அடியில் ஒளிந்திருக்கும், மணலையும் அழுகின இலையையும் அள்ளி வா. அவ்வளவுதான் அவர் சொன்னது. எனக்கு அது போதும். எங்கள் ஆற்றில் பூச்சி இருக்கிறது என்று அந்தப் பையனுக்குக் காட்டியே ஆக வேண்டும்.

மறுநாள் துறைக்குப் போனபோது, மணல் இருந்தது. அழுகின இலை அகப்படவில்லை. அதைத் தேடிக்கொண்டு மேலே ஏறி, மூங்கில் மடுவுக்குப் போனேன். அட்டை இரண்டு காலிலும் ஏறியது. ஒரு பால் டின்னில் இலையும் மணலும் கல்லிலிருந்து சுரண்டிய பாசியும் அள்ளினேன். துறை மணலையும் வேறொரு டின்னில் எடுத்துக்கொண்டேன். இரண்டையும் அம்மாவின் பழைய சேலைத் துணியில் தனித்தனியாக அலசி வடிகட்டினேன்.

பள்ளிக்கூடத்தில் மடுவின் சொட்டை வைத்துக் குனிந்து பார்த்தபோது நான் பார்த்ததை இன்றும் சரியாகச் சொல்ல வரவில்லை. மணல் துகள்கள் பாறைபோல் பெரிதாகக் கிடந்தன. அவற்றுக்கு நடுவில் ஒரு லயமே குடியிருந்தது. கண்ணாடிபோல் உடம்பு கொண்ட ஒன்று, ஒரு துகளில் காலை ஊன்றிக்கொண்டு தலையில் இரண்டு சக்கரத்தைச் சுற்றியது. சக்கரம் சுற்றச் சுற்றத் துணுக்கெல்லாம் அதன் வாய்க்குள் போனது. நெற்றியில் ஒரே ஒரு சிவப்புக் கண்ணோடு ஒன்று துள்ளித் துள்ளி ஓடியது. அதன் வாலுக்கு இருபுறமும் முட்டைப் பை, சந்தைக்குப் போகிறவள் இரண்டு கையிலும் பை தூக்கியதுபோல. நூல்போல ஒரு புழு சாட்டையாய்ச் சுழன்றது. எள் அளவுகூட இல்லாத சிப்பி ஒன்று ஓட்டைத் திறந்து காலை நீட்டியது. பாசிக்குள்ளிருந்து குட்டைக் கால்களை எடுத்து வைத்து, தூக்கம் கலையாத கரடிபோல் ஒன்று நடந்து வந்தது. யாருக்கும் யாரைப் பற்றியும் கவலை இல்லை. தின்றன, துரத்தின, முட்டை சுமந்தன. நாங்கள் இத்தனை காலம் அவற்றின் வீட்டுக்கு மேலே சோப்புப் போட்டுக் குளித்துக்கொண்டிருந்தோம் என்று நினைத்தேன்.

மளிகைக்கடைக்காரர் மகன் பார்த்துவிட்டு இன்னொரு முறை வரிசையில் போய் நின்றான். எனக்கு வானத்தில் பறப்பதுபோல் இருந்தது.

பிறகு துறை மணலை வைத்தேன். பாறை இருந்தது. குடித்தனம் இல்லை. இன்னொரு சொட்டு. இன்னொன்று. ஒரு காலி ஓடு கிடந்தது, அவ்வளவுதான். சிக்கு குனிந்து வெகுநேரம் பார்த்தார். இரண்டு இடத்துக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். பதில் அதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

அன்று மாலை மாமாவிடம் சொல்லப் போய்த்தான், புல் பிடுங்கத் தெரியாதவள் என்ற பட்டத்தை வாங்கினேன். அப்பா கேட்டும் கேட்காததுபோல் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். அம்மா அடுப்படியில் இருந்தார்.

எனக்கு அவசரம் இருந்தது. திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. என் தங்கைக்கு நாலு வயது. அம்மை வார்த்து எழுந்திருந்தாள். மொட்டை போடுவதாக அம்மா மாரியம்மனுக்கு வேண்டியிருந்தார். மொட்டை அடித்த கையோடு துறையில் முழுக்காட்ட வேண்டும். போன திருவிழாவில் மொட்டை போட்ட பக்கத்து லயத்துப் பையன் தலையெல்லாம் கொப்பளித்துப் பல நாள் அழுதான். கத்தி சரியில்லை என்று நாவிதரைத் திட்டினார்கள். எனக்கு இப்போது வேறு மாதிரித் தோன்றியது. சக்கரம் சுற்றும் பூச்சி பிழைக்காத தண்ணீரில் என் தங்கையின் பச்சைத் தலையை முக்க விடமாட்டேன் என்று முடிவு செய்தேன். சொல்லிப் பார்த்தாயிற்று. இனி உட்கார்ந்து பார்ப்பது என்று நினைத்தேன்.

திருவிழாவுக்கு முதல் நாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள் வீட்டுக்குப் போகவில்லை. சீருடையோடு நேரே ஆற்று வளைவுக்குப் போய், அந்தத் தட்டைக் கல்லின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் பம்பைச் சுமந்துகொண்டு பெண்கள் இறங்கி வந்தார்கள். முன்னால் மாமா, கழுத்தில் விசில்.

“ஏந்திரிம்மா. ஈரத்துல குந்துனா சளி புடிக்கும்” என்றார்.

“இங்க பம்பு கழுவாதீங்க மாமா.”

“ஏன், ஒன் கல்லா இது?”

“கீழ மணல்ல ஒரு பூச்சி இல்ல. எல்லாம் செத்துப்போச்சு.”

“அதானே நமக்கு வேணும்!” என்றார் ஓர் அக்கா. சிரிப்பு எழுந்தது.

“நாளைக்கிப் பாப்பாவுக்கு மொட்ட. மொட்டத் தலையோட இந்தத் தண்ணியிலதான் முழுகணும்.”

“பூச்சியும் புள்ளையும் ஒண்ணா? இதான் ஒங்க ஸ்கூல்ல சொல்லிக் குடுக்கறாங்களா?” என்று மாமா பெண்கள் பக்கம் திரும்பினார். “மைக்ரோஸ்கோப்ல பாத்தாளாம். என்னாத்தப் பாத்தா தெரியுமா? ஒண்ணும் இல்லங்கறதப் பாத்தாளாம்!”

“ஆமா” என்றேன். “ஒண்ணும் இல்லங்கறதத்தான் பாத்தேன்.”

மறுபடியும் சிரித்தார்கள், ஆனால் முன்புபோல் இல்லை. அழுதுவிட்டால் தோற்றுவிடுவேன் என்று தெரிந்தது. அதனால் சத்தமாகப் பேசினேன்.

“சுத்தமான தண்ணிதானே? அப்ப ஒரு பம்ப இங்க கழுவிட்டு, அந்தத் தண்ணிய ஒரு கை குடிச்சிக் காட்டுங்க மாமா. நா ஏந்திரிச்சிப் போயிடுறேன்.”

யாரும் சிரிக்கவில்லை. மாமா என்னைப் பார்த்தார். பிறகு தண்ணீரைப் பார்த்தார். அவர் குனியவில்லை.

“பெரியவங்ககிட்டப் பேசுற பேச்சா இது?” என்றார்.

“நீங்க குடிக்கலன்னா நா குடிக்கிறேன். கழுவுங்க.” நான் இரண்டு கையையும் குவித்து ஆற்றில் வைத்தேன்.

“ஏய். கைய எடு.”

அது அம்மாவின் குரல். கும்பலில் கடைசியில் நின்றிருந்தார். இறக்கி வைத்த பம்பை மறுபடி முதுகில் மாட்டிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, நா மேல ஸ்டோருக்குப் பின்னால குழி வெட்டிக் கழுவிக்கிறேன்.”

“அங்க தண்ணி யாரு தூக்கறது?”

“நாந்தான்.”

“இந்தச் சின்னப் புள்ள பேச்சக் கேட்டா எனக்கு எதிர நிக்கற?”

அம்மா மேட்டில் ஏறத் தொடங்கினார். பக்கத்து லயத்துப் பையனின் அம்மா, முதலில் சிரித்தவர்களில் அவரும் ஒருவர், பம்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார். மற்றவர்கள் மண்டோர் முகத்தைப் பார்த்து நின்றார்கள். மாமா விசிலை வாயில் வைத்தார், ஊதவில்லை. “எல்லாம் மேல போங்க. என்னாத்த வேடிக்க பாக்குறீங்க?” என்று கத்திவிட்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

மறுநாள் அம்மா தங்கையை மடுவுக்குத் தூக்கிக்கொண்டு போய் முழுக்காட்டினார். இன்னும் சில பேர் பிள்ளைகளோடு அங்கே வந்தார்கள். கமிட்டித் தலைவரையும் யாரோ அழைத்து வந்திருந்தார்கள். மேளச் சத்தத்துக்கு நடுவே அவர் தொடையில் அட்டை கடித்தது. அந்தத் திருவிழாவில் கடித்த ஒவ்வோர் அட்டைக்கும் நான்தான் காரணம் என்று ஆனது. தங்கையின் தலையில் ஒரு கொப்புளம்கூட வரவில்லை. அதற்கு மாரியம்மன் காரணம் என்று ஆனது. எனக்கு எதுவும் வருத்தமில்லை.

அதன் பிறகு பம்பு கழுவுவது மேலே குழியில்தான் என்று ஆனது. பள்ளி விடுமுறைக்கு முன் துறை மணலில் ஒரு நூல்புழுவைப் பார்த்தேன். அப்புறம் சிவப்புக் கண் வந்தது. சக்கரம் வெகுநாள் கழித்துத்தான் வந்தது. அதற்குள் கல்லில் பாசி ஏறி, துவைக்க வந்த பெண்கள் வழுக்கி விழுந்து, என் படிப்பைத் திட்டினார்கள். திட்டத் திட்ட எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

திருவிழா முடிந்து, வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டபோது, மருந்துக் கும்பலில் அம்மாவின் பெயர் இல்லை. தூரத்துக் காட்டில் மண்வெட்டி வேலைக்குப் போட்டிருந்தார் மாமா. எனக்கு அதுவும் வெற்றியாகத்தான் தெரிந்தது. அம்மா இனி மருந்தைத் தொட வேண்டாம். மாமா எங்கள் வாசலில் தேத்தண்ணீர் குடிக்க வருவதை நிறுத்திக்கொண்டார். இனி என்னைக் கேலி செய்ய ஆள் இல்லை என்று அதற்கும் மகிழ்ந்தேன்.

அந்த ஆண்டு முடிவதற்குள் நான் பெரிய மனுஷியானேன். பச்சை ஓலை கட்டத் தாய்மாமன் வர வேண்டும். முதல் தட்டு அவர் வீட்டிலிருந்து வர வேண்டும். மாமா வீடு எங்கள் லயத்துக்கு எதிர்வரிசையில்தான் இருந்தது. அம்மா வாசலில் நின்றார். சமைத்ததெல்லாம் ஆறிப்போனது. கடைசியில் அப்பா ஓலையை வெட்டி வந்து, தனக்கு உரிமையில்லாத வேலையைச் செய்கிறவராய்த் தலைகுனிந்து கட்டினார். நான் உள்ளே உட்கார்ந்து, சடங்கு சீக்கிரம் முடிந்தால் பள்ளிக்கூடத்துக்குச் சீக்கிரம் போகலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா ஏன் விருந்து முடிந்த பிறகும் வாசலிலேயே நிற்கிறார் என்று எனக்கு அன்று புரியவில்லை. அவர் என் பூச்சிகளை நம்பித்தான் அன்று மேட்டில் ஏறினார் என்று நினைத்திருந்தேன். அவர் மைக்ரோஸ்கோப்பைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. என் கையைத்தான் பார்த்தார். அந்தக் கைக்காக, தன்னை வளர்த்த ஒரே அண்ணனை ஆற்றங்கரையில் விட்டுவிட்டு வந்திருந்தார். அன்று கல்லைச் சுற்றி நின்ற பெண்கள் என்னை நம்பவில்லை என்றும் நினைத்திருந்தேன். நம்பாமல் இல்லை. நம்பினால் மண்டோருக்கு எதிரே நிற்க வேண்டும். வேலையும் வீடும் தோட்டத்துக்காரர் கையிலேயே இருக்கிறவர்களுக்கு அது எத்தனை பெரிய காரியம் என்று சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தவளுக்கு எப்படித் தெரியும்?

இது அன்றே தெரிந்திருந்தாலும் அந்தக் கல்லில் உட்கார்ந்துதான் இருப்பேன். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இப்போது பல்கலைக்கழகத்தில் விலங்கியல் மூன்றாம் ஆண்டு. எங்கள் தோட்டத்தில் தாதி வேலைக்கோ டீச்சர் வேலைக்கோ படிக்காமல் புழுவைப் படிக்கிறாளே என்கிறார்கள். இறுதி ஆய்வுக்குக் காட்டு ஓடை ஒன்றைப் பேராசிரியர் காட்டினார். அழகான ஓடை, தங்க வசதியும் உண்டு. எனக்குத் தோட்டத்து ஓடைகள்தான் வேண்டும் என்றேன். மருந்து ஸ்டோருக்கு மேலேயும் கீழேயும் மணலில் யார் குடியிருக்கிறார்கள் என்று எண்ணப் போகிறேன், ஒவ்வொரு தோட்டமாக.

புக்கிட் பெலிம்பிங் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் அனுமதி கேட்டுப் போன வாரம் நிர்வாகியைப் பார்த்தேன். தோட்டத்து ஓடையில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டார். வீண் வம்பு வரக்கூடாது என்றார். மேலிடத்தைக் கேட்க வேண்டும், நாளாகும் என்றார். நான் மிகவும் மரியாதையாக நன்றி சொல்லிவிட்டு எழுந்தேன். அவர் அலுவலகத்துக்கு நான் ஓடை வழியாகத்தான் வந்தேன் என்பதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பெரிய சாலையில் பஸ் நிற்கும் இடத்தில் அம்மா உட்கார்ந்திருந்தார். சேலை முழங்கால்வரை நனைந்திருந்தது. மடியில் இருந்த பையை, யாராவது பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுபோல் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டிருந்தார். உள்ளே ஓடை மணல் போத்தல்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

“குடுக்க மாட்டேன்னுட்டானா?” என்று கேட்டார்.

“கேட்டுச் சொல்றாராம்.”

“கேக்கட்டும்” என்றார் அம்மா. பஸ்ஸுக்குக் கையைக் காட்டினார்.